பூலோகப் படத்தைச் சீனருக்கு விரித்துக் காட்டிய மத்தேயு ரிச்சி சுவாமியார்

1552-ம் வருஷம் டிசம்பர் மாதம் 3-ந் தேதி, சீன தேசத்துக் கரைக்கு எதிரே கிடக்கும் சான்சியான் என்னும் சிறு தீவில், ஒரு குடிசையிலே, அர்ச். பிரான்சிஸ்கு சவேரியார் காய்ச்சலால் உயிர் நீத்தார். எந்த நாட்டுக்குள் நுழையவேண்டுமென்று அவர் அத்தனை ஆவலாயிருந்தாரோ, அந்த நாடு கண்ணுக்கெட்டிய தூரத்தில்தான் இருந்தது. நுழைய வழியில்லை. அந்நியன் உட்புகுந்தால் தண்டனை. அவனை அழைத்துச் செல்பவனுக்கும் தண்டனை. இரகசியமாய்ப் படகில் கொண்டுபோய் விடுவதாகக் கூலி பேசியிருந்த சீன வியாபாரி வராமலே போய்விட்டான்.

அதற்கு இரண்டு மாதம் முன்னதாக, அதே வருஷம் அக்டோபர் மாதம் 6-ந் தேதி, இத்தாலி நாட்டில் மச்செராத்தா என்னும் ஊரில், மருந்துக்கடை நடத்திவந்த ஒருவர் வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மத்தேயு என்று பெயரிட்டார்கள். சவேரியாருக்கு மூடியிருந்த கதவு பிற்காலத்தில் இந்தப் பிள்ளைக்குத் திறந்தது. தட்டியவுடனே திறந்துவிடவில்லை. தலைநகரத்து வாசலை எட்டுவதற்கு அவருக்குப் பதினெட்டு வருஷம் பிடித்தது.

தகப்பனார் ரிச்சிக்கு மகனைப் பெரிய வழக்கறிஞனாக்கிப் பார்க்க ஆசை. பதினாறாம் வயதில் சட்டம் படிக்க ரோமாபுரிக்கு அனுப்பினார். பையன் மூன்று வருஷம் படித்தான். 1571-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி, தேவமாதாவின் ஆரோபணத் திருநாளன்று, சட்டத்தை விட்டுச் சேசு சபையின் நவசந்நியாச மடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். செய்தி கேட்ட தகப்பனார், மகனைத் திருப்பி அழைத்துவரப் புறப்பட்டார். முதல் நாள் பயணத்திலே தொலெந்தீனோ என்ற ஊரில் கடுங்காய்ச்சல் கண்டு படுத்துவிட்டார். சர்வேசுரனுடைய சித்தத்துக்குக் குறுக்கே நிற்கத் தமக்கு உத்தரவில்லை என்று எண்ணி, அப்படியே ஊர் திரும்பினார். நல்ல தகப்பன். அவர் மனம் அன்று என்ன பாடுபட்டிருக்கும் என்பதைப் பிள்ளையைக் கொடுத்தவர்களே அறிவார்கள்.

ரோமைக் கல்லூரியில் மத்தேயுவுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தவர் கிறிஸ்தோபர் கிளாவியுஸ் சுவாமியார். இன்று உலகமெங்கும் வழங்கும் கிரகோரியார் பஞ்சாங்கம் 1582-ல் ஏற்பட்டபோது அதன் கணக்குகளைச் சரிபார்த்து நிலைநாட்டியவர் அவரே. சூரிய கடிகாரம் செய்வது, கிரகணம் கணிப்பது, உலக உருண்டை அமைப்பது, தேசப்படம் வரைவது ஆகிய இவையெல்லாம் அந்த வாத்தியாரிடம் கற்ற வித்தைகள். தேவசாஸ்திரம் படிக்க வந்த பையனுக்கு இவை எதற்கு என்று அன்று யாராவது கேட்டிருக்கக்கூடும்.

1578-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் லிஸ்பன் துறைமுகத்தில் கப்பல் ஏறிய மத்தேயு, ஆறு மாதக் கடற்பயணத்துக்குப்பின் செப்டம்பரில் கோவாவில் இறங்கினார். அந்தப் பயணத்தில் அவருடன் வந்தவர்களில் இருவரை இங்கே குறிப்பிடவேண்டும். ஒருவர் ருடோல்ப் அக்குவாவிவா சுவாமியார். அவர் அக்பர் சக்கரவர்த்தியின் சபைக்குப் போய்த் தர்க்கித்து, பின்பு 1583-ல் கோவாவுக்கு அடுத்த சால்செத்தில் வேதசாட்சியாய் மரித்தார். மற்றவர் மைக்கேல் ருஜியேரி சுவாமியார். இவர் நம்முடைய முத்துக்குளித்துறையிலே சில மாதம் ஊழியஞ்செய்து, பரதகுல மக்களிடையே தமிழ் படித்துக்கொண்டிருந்த சமயத்தில், சீன பாஷை படிக்கப் புறப்படும்படி கட்டளை பெற்று மக்காவுக்குப் போனவர்.

மத்தேயு கோவாவிலும் கொச்சியிலும் மாணவர்களுக்கு இலக்கணம் போதித்தார். 1580-ல் கொச்சியிலேதான் அவருக்குக் குருப்பட்டம் கிடைத்தது. இந்தியாவில் இருந்த காலத்தில் அவர் செய்த ஒரு காரியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இந்திய மாணவர்களை ஐரோப்பிய மாணவர்களோடு சேர்த்துத் தத்துவசாஸ்திரமும் தேவசாஸ்திரமும் படிக்க விடலாகாது, படித்தால் கர்வங்கொள்வார்கள் என்று அங்கே ஓர் ஏற்பாடு வந்தது. இருபத்தொன்பது வயது நிரம்பிய இளங்குரு ரிச்சி, 1581-ல் ரோமாபுரியிலிருந்த சபைத் தலைவருக்கே கடிதம் எழுதி அதைக் கண்டித்தார். கல்வி கர்வம் தருமென்றால் அது ஐரோப்பியனுக்கும் தருமல்லவா என்பது அவர் நியாயத்தின் சாரம். சீனாவிலே அவர் பிற்பாடு நடந்துகொண்ட விதத்துக்கு வித்து இந்தக் கடிதத்திலே இருக்கிறது.

1582 ஆகஸ்டில் ரிச்சி சுவாமியார் மக்காவ் துறைமுகம் சேர்ந்தார். சீனரின் எழுத்தைப்பற்றி நம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நமக்கு உயிரும் மெய்யும் சேர்ந்த இருநூற்றுச் சொச்சம் எழுத்தைக் கற்றால் எந்த வார்த்தையையும் எழுதிவிடலாம். சீன பாஷையிலோ ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனி உருவம். ஆயிரக்கணக்கில் அவற்றை மனப்பாடம் பண்ணவேண்டும். போதாததற்கு, ஒரே ஓசையை ஏற்றியும் இறக்கியும் சொல்வதால் பொருள் மாறிவிடும். இதைக் கற்க அப்போது அகராதியும் கிடையாது, இலக்கணமும் கிடையாது. ருஜியேரியும் ரிச்சியும் சேர்ந்து போர்த்துக்கீசு-சீன அகராதியொன்றைத் தாங்களே எழுதத் தொடங்கினார்கள். அந்தக் கையெழுத்துப் பிரதி ரோமாபுரியிலுள்ள சபைக் காகிதங்களுக்குள் மறைந்து கிடந்து, 1934-ல்தான் கண்டெடுக்கப்பட்டது.

1583 செப்டம்பரில், கான்டன் நகருக்கு மேற்கேயுள்ள சாவ்சிங் என்ற ஊரில் குடியிருக்க இருவருக்கும் அனுமதி கிடைத்தது. தலையையும் தாடியையும் மழித்து, புத்த பிக்ஷுக்களைப்போல் உடுத்திக்கொண்டு போனார்கள். துறவி என்றால் அந்நாட்டார் அறிந்த கோலம் அதுதானே என்று எண்ணினார்கள். இது தவறான கணக்கு என்று தெரிய ரிச்சிக்குப் பன்னிரண்டு வருஷம் சென்றது. சீனாவில் அக்காலம் மேலான மதிப்பு படித்த பண்டிதர்களுக்கே இருந்தது. கன்பூசியஸ் முனிவரின் நூல்களைக் கற்று, படிப்படியாய்க் கடினமான பரீக்ஷைகளில் தேறியவர்களே அதிகாரிகளாக நாட்டை ஆண்டார்கள். பிக்ஷுக்களை அவர்கள் சமமாய் உட்காரவைத்துப் பேசுவதில்லை.

சாவ்சிங் வீட்டின் சுவரில் சுவாமியார் ஓர் ஐரோப்பிய உலகப்படத்தை மாட்டி வைத்திருந்தார். வந்தவர்கள் எல்லாரும் அதன்முன் நின்றுவிடுவார்கள். சீனரிடம் இருந்த படங்களில் அவர்களுடைய பதினைந்து மாகாணங்களே முழுத் தாளையும் நிரப்பியிருக்கும். ஓரத்துக் கடலிலே சிறு சிறு தீவுகளாகப் பிற நாடுகளின் பெயர்கள் எழுதியிருக்கும். எல்லாத் தீவுகளையும் சேர்த்தாலும் சீனாவில் ஒரு மாகாணத்துக்கு ஈடாகாது. இவருடைய படத்திலோ ஐந்து கண்டங்கள்! சீனா கிழக்குக் கோடியில் ஒரு மூலையில்! சிலர் சிரித்தார்கள், சிலர் முகஞ்சுளித்தார்கள். ஆனால் ஊர்த் தலைவராயிருந்த வாங் பான் என்ற அதிகாரி, அதைச் சீன எழுத்தில் எழுதித்தரும்படி கேட்டார்.

1584-ல் ரிச்சி சுவாமியார் எழுதிக்கொடுத்த படத்தில் சீனா மூலையில் இல்லை. நெடுங்கோடுகளை நகர்த்தி, ஐரோப்பாவையும் ஆப்பிரிக்காவையும் இடப்புறத்திலும் அமெரிக்காவை வலப்புறத்திலும் வைத்து, சீனாவை ஏறக்குறைய நடுவிலே வரும்படி அமைத்துவிட்டார். இதை முகஸ்துதி என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பூமி உருண்டை, உருண்டைக்கு நடு ஏது? ஐரோப்பாவை நடுவில் வைப்பதும் ஒரு வழக்கமேயன்றிச் சத்தியமல்ல. அளவையும் தூரத்தையும் அவர் மாற்றவில்லை. சீனருடைய மனம் நோகாமல், உலகம் எவ்வளவு பெரிது என்பதைக் காட்டிவிட்டார். அத்தனை தூரம் கடல் கடந்து வந்தவர்கள் தங்கள் நாட்டைப் பிடிக்க வந்திருக்க மாட்டார்கள் என்று சீனரில் சிலருக்குப் பயமும் தெளிந்தது.

இனி வந்தது துன்பகாலம். ருஜியேரி 1588-ல் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். மறுவருஷம் புதிதாய் வந்த ராஜப்பிரதிநிதி ஒருவர் குருக்களை வீட்டைவிட்டு வெளியேற்றினார். சாவ்சோ என்ற ஊருக்கு வடக்கே போனார்கள். அந்த ஊரின் விஷக்காற்றும் காய்ச்சலும் ரிச்சியின் தோழர் இருவரைத் தின்றன: அல்மெய்தா சுவாமியார் 1591-ல், பெத்ரிஸ் சுவாமியார் 1593-ல். 1592-ல் ஒரு நாளிரவு கொள்ளைக்காரர் வீட்டுக்குள் புகுந்தார்கள். ரிச்சிக்குக் கையிலே கோடாலிவெட்டு. ஜன்னல் வழியாகத் தோட்டத்தில் குதித்தபோது கால் பிசகிற்று. அந்தக் கால் பின்பு முழுதும் சரியாகவேயில்லை. சீனா தேசத்தின் நெடும்பாதையையெல்லாம் அவர் நொண்டிக்கொண்டே கடந்தார். 1595-ல் ஆற்றுப் பயணத்தில் படகு கவிழ்ந்தது. உடன் வந்த வாலிபன் பர்ரதாஸ் மூழ்கிப் போனான். நீந்தத் தெரியாத சுவாமியாரின் கையில் ஒரு கயிறு அகப்பட்டுப் பிழைத்தார்.

இந்த இருளிலே ஒரு வெளிச்சம், சூ தாய்சூ என்ற பண்டிதர் வீட்டுப் பிள்ளையின் சிநேகிதம். தகப்பனார் சேர்த்த சொத்தை வீணாக்கிவிட்ட மனிதர். இந்தக் குருக்கள் பாதரசத்தை வெள்ளியாக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அந்த இரசவாதத்தைக் கற்றுக்கொள்ள வந்தார். இங்கே அப்படியொன்றும் இல்லை, கணக்கு வேண்டுமானால் இருக்கிறது என்று தெரிந்ததும் போய்விடவில்லை. உட்கார்ந்து கணக்குப் படித்தார். புத்த பிக்ஷுவின் உடையைக் களைந்துவிட்டுப் பண்டிதரின் பட்டங்கியை அணியும்படி ரிச்சிக்கு யோசனை சொன்னவர் இவர்தான். மேலதிகாரி வலிஞானோ சுவாமியார் சம்மதித்தார். 1595-ல் ரிச்சி தாடி வளர்த்து, உயர்ந்த குல்லாய் வைத்து, ஊதாநிறப் பட்டங்கியுடன் வெளிப்பட்டார். சீனருக்கு அவர் பெயர் லீ மாதோ.

நான்சாங் நகரத்துப் பண்டிதர்கள் அவரிடம் கண்டு அதிசயித்தது அவருடைய ஞாபகசக்தியை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சீன எழுத்துக்களை நானூறு ஐந்நூறு வரை வரிசையாக எழுதிக்கொடுத்தால், ஒருமுறை வாசித்துவிட்டு மேலிருந்து கீழும், பின்பு கீழிருந்து மேலும் ஒப்பிப்பார். மனத்துக்குள்ளே ஒரு மாளிகை கட்டி, அதன் ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு பொருளை வைத்து நினைவுகூரும் பழைய ரோமருடைய முறை அது. பரீக்ஷைக்கு மனப்பாடம் செய்தே வாழ்க்கையைக் கழித்த ஊரில் இந்த வித்தைக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும்! அவரோ அதைவிடத் தாம் சீன பாஷையில் இயற்றிய முதல் நூலாகிய சிநேகத்தைப் பற்றிய சிறு புத்தகத்தையே பெரிதாய் மதித்தார். கிரேக்க ரோமப் பெரியோர் நட்பைக் குறித்துச் சொன்னவற்றை அதில் தொகுத்திருந்தார். சீனர் அதைத் தாங்களாகவே திரும்பத் திரும்ப அச்சிட்டார்கள்.

1598-ல் முதன்முறை தலைநகராகிய பீக்கிங்வரை போனார். இன்று பெய்ஜிங் என்று எழுதப்படுவது அதுதான். கொரியாவில் ஜப்பானியருடன் யுத்தம் நடந்த சமயமாதலால், அந்நியனுக்கு இடங்கொடுக்க ஒருவரும் துணியவில்லை, திரும்பினார். 1600-ல் மறுபடி புறப்பட்டார். வழியிலே மா தாங் என்ற அரண்மனை ஊழியன், பேராசைக்காரன், சாமான்களைச் சோதித்தான். அதில் பாடுபட்ட சுரூபம் ஒன்று இருந்தது. ஆணி அடித்து இரத்தம் வடியும் ஒரு மனிதன்! சக்கரவர்த்தியைச் சூனியம் வைத்துக் கொல்லவே இது கொண்டுபோகப்படுகிறது என்று கூச்சலிட்டான். ஆறு மாதத்துக்குக் குறையாமல் அவரைத் தடுத்து வைத்தான். சுவாமியார் தம் வாழ்நாளிலே நம்பிக்கை அதிகம் தளர்ந்த காலம் அதுவே என்று தோன்றுகிறது. பின்பு எதிர்பாராமல் அரண்மனை உத்தரவு வந்தது. தானாக அடிக்கும் மணி எங்கே என்று சக்கரவர்த்திக்கு நினைவு வந்து கேட்டாராம். 1601 ஜனவரி மாதம் 24-ந் தேதி ரிச்சி சுவாமியாரும் பந்தோஹா சுவாமியாரும் பீக்கிங் நகருக்குள் பிரவேசித்தார்கள்.

அந்த மணி என்பது கடிகாரந்தான். பெரிதொன்று, சிறிதொன்று. பெரியதற்கு அரண்மனைத் தோட்டத்தில் மரக் கோபுரமே கட்டவேண்டியதாயிற்று. சிறியதை வான்லீ சக்கரவர்த்தி தம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் விதத்தை நாலு அரண்மனை ஊழியருக்குச் சுவாமிமார் மூன்று நாளில் சொல்லிக்கொடுத்தார்கள். சக்கரவர்த்தியின் தாயார் அதைப் பார்க்க விரும்பி ஆள் அனுப்பினாள். அம்மாவுக்குப் பிடித்துவிட்டால் திரும்பி வராதே என்று பயந்த மகன், மணி அடிக்காதபடி சாவியைத் தளர்த்திவிட்டு அனுப்பச் சொன்னார். அடிக்காத மணியைப் பார்த்த தாயார், இதில் என்ன இருக்கிறதென்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். உலகத்திலேயே பெரிய இராச்சியத்தின் அதிபதி செய்த காரியம் இது!

நம்முடைய சுவாமியாருக்கு அந்த அதிபதியின் முகத்தைப் பார்க்கும் பேறு கடைசிவரை வாய்க்கவில்லை. வான்லீ பல வருஷங்களாக வெளியே சபை கூட்டுவதையே நிறுத்திவிட்டிருந்தார். விடியுமுன் அழைத்துச் செல்லப்பட்ட ரிச்சி, மற்ற நாட்டுத் தூதரோடு வரிசையில் நின்று, ஆள் இல்லாத சிம்மாசனத்துக்குமுன் முழந்தாளிட்டுத் தலை தாழ்த்தி வணங்கித் திரும்பினார். சக்கரவர்த்தியோ சித்திரக்காரரை அனுப்பி, இரண்டு குருக்களையும் உருவம் எழுதிவரச் செய்து, படத்தில் பார்த்துக்கொண்டார். இருபது வருஷம் எவரை நோக்கி நடந்தாரோ அவருடைய காலி நாற்காலியை மட்டும் கண்டார். ஆனாலும் பீக்கிங்கில் வசிக்க இடமும், அரசாங்கச் செலவில் படியும் கிடைத்தன. மற்றவர்களானால் இதைத் தோல்வி என்று எழுதியிருப்பார்கள். அவர் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வந்தவர்களோடு பேச உட்கார்ந்தார்.

வந்தவர்களில் ஒருவர் லீ சிசாவ். சிறு வயதில் சீனாவின் மாகாணங்களைத் தாமே படமாக எழுதி, உலகம் முழுவதையும் எழுதிவிட்டதாக எண்ணியிருந்தவர். ரிச்சியின் படத்தைக் கண்டு பிரமித்து, அவரோடு சேர்ந்து 1602-ல் அதைப் பெரிதாக வெட்டி அச்சிட்டார். ஆறு தட்டிகளாக, ஓர் ஆள் உயரத்தில், பன்னிரண்டு அடி அகலத்துக்கு விரியும் படம். ஒவ்வொரு நாட்டின் பக்கத்திலும் அங்குள்ள ஜனங்களின் வழக்கம், விளைபொருள், மிருகங்கள் எல்லாம் எழுதியிருக்கிறது. ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அவர் சீன ஒலியில் அமைத்த பெயர்களின் முதலெழுத்தைக் கொண்டே சீனர் இன்றளவும் அந்தக் கண்டங்களை அழைக்கிறார்கள். 1608-ல் சக்கரவர்த்தியே பட்டில் பன்னிரண்டு பிரதிகள் கேட்டனுப்பினார். இப்போது உலகத்தில் மிஞ்சியிருப்பவை ஒருசில பிரதிகளே. 2009-ல் அமெரிக்காவில் ஒரு தர்ம நிதியார் ஒரு பிரதியைப் பத்து லட்சம் டாலருக்கு வாங்கினார்கள்.

இன்னொருவருடைய வருகை வேடிக்கையானது. 1605-ல் ஆய் தியென் என்ற அறுபது வயதுப் பெரியவர், காய்பெங் நகரவாசி, உத்தியோக காரியமாய்த் தலைநகர் வந்தார். ஒரே கடவுளை வணங்கும், ஆனால் முகமதியர் அல்லாத அந்நியர் இங்கே இருக்கிறார்களாமே என்று பார்க்க வந்தார். பீடத்தின்மேல் தேவமாதாவும் சேசு பாலனும், பக்கத்தில் குழந்தை ஸ்நாபக அருளப்பரும் உள்ள படம் இருந்தது. அதைக் கண்டதும் பெரியவர் மண்டியிட்டார். தம் குலத்து முன்னோரை வணங்குவது தமக்கு வழக்கமில்லை, ஆனாலும் சுவாமியாருக்கு மரியாதையாகச் செய்வதாகச் சொன்னார். சுவாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரித்தபோது, படத்தில் இருப்பவர்கள் ரெபேக்காளும் அவளுடைய பிள்ளைகளான யாக்கோபும் ஏசாவும் என்று பெரியவர் நினைத்திருந்தது தெரிந்தது. அவர் ஒரு யூதர்! சீனாவின் நடுவிலே, பல நூற்றாண்டுகளாகச் செபக்கூடம் வைத்து, எபிரேய வேதாகமத்தைக் காத்துவந்த ஒரு யூத சமூகம் இருப்பதை ஐரோப்பா அப்போதுதான் அறிந்தது. ரிச்சி ஒரு சீனச் சகோதரரை காய்பெங்குக்கு அனுப்பி, அங்குள்ள ஆகமத்தின் முதலும் முடிவும் எழுதிவரச் செய்து ஒப்பிட்டார், பொருந்தியிருந்தன. அந்த ஊர் யூத குரு, தமக்கு வயதாகிவிட்டதாகவும், ரிச்சி பன்றிமாமிசத்தை விட்டுவிட்டால் தமக்குப்பின் செபக்கூடத்தை அவரிடமே ஒப்படைப்பதாகவும் செய்தி அனுப்பினாராம்.

நிற்க, அக்காலத்துப் பூகோள சாஸ்திரத்தில் ஒரு பெரிய சந்தேகம் இருந்தது. முன்னூறு வருஷத்துக்கு முன் மார்க்கோ போலோ வர்ணித்த கத்தாய் என்ற தேசம் எது? போர்த்துக்கீசர் கடல் வழியாய்க் கண்ட சீனா வேறு, கத்தாய் அதற்கும் வடக்கே வேறொரு கிறிஸ்தவ நாடு என்றுதான் ஐரோப்பியர் படங்களில் எழுதி வந்தார்கள். ரிச்சி சுவாமியார் சூரியனை அளந்து, பீக்கிங் நாற்பது பாகை வட அட்சத்தில் இருப்பதைக் கண்டு, கத்தாயும் சீனாவும் ஒன்றே என்று எழுதினார். இந்தியாவிலிருந்த சபைத் தலைவர்களுக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. நடந்துபோய்ப் பார்த்துவர, பெந்தோ கோயிஸ் என்ற சகோதரரை அனுப்பினார்கள். அசோர்ஸ் தீவில் பிறந்தவர், அக்பர் சபையில் இருந்தவர், பாரசீகம் பேசுவார். ஆர்மேனிய வியாபாரிபோல் வேஷம் பூண்டு, 1603-ல் லாகூரை விட்டார். காபூல், பாமீர் பனிமலை, யார்க்கண்ட், அப்பால் மணற்காடு. ஈசாக் என்ற ஆர்மேனியன் ஒருவனே கடைசிவரை துணை. வழியிலே பீக்கிங்கிலிருந்து திரும்பும் முகமதிய வர்த்தகர் கூட்டம் எதிர்ப்பட்டது. லீ மாதோவோடு ஒரே விடுதியில் தங்கியிருந்தோம் என்றார்கள். அங்கே குப்பையில் கிடந்த ஒரு காகிதத் துண்டையும் காட்டினார்கள். அதில் போர்த்துக்கீசு எழுத்து! கோயிஸுக்கு அந்த இடத்திலேயே உண்மை விளங்கிவிட்டது.

1605 முடிவில் சீனப் பெருமதிலைத் தாண்டிச் சூசோ நகரை அடைந்தார். அதற்குமேல் போக அனுமதி இல்லை. கையில் பணமும் இல்லை. அவர் எழுதிய கடிதம் ரிச்சியிடம் சேர மாதங்கள் ஆயின. சேர்ந்தவுடன் பெர்னாந்தஸ் என்ற சீனச் சகோதரர் குளிர்காலத்திலேயே அனுப்பப்பட்டார். 1607 மார்ச்சு முடிவில் அவர் போய்ச் சேர்ந்தபோது கோயிஸ் படுக்கையில் இருந்தார். வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டார். சில நாளில், ஏப்ரல் 11-ந் தேதி, காலமானார். அவருடைய பயணக் குறிப்பேட்டில் கூட்டாளிகள் பட்ட கடனும் எழுதியிருந்ததால், வர்த்தகர்கள் அதைக் கிழித்துப் போட்டார்கள். மிஞ்சிய துண்டுகளையும் ஈசாக்கின் நினைவையும் கொண்டு ரிச்சி சுவாமியார் அந்தப் பயணக்கதையை மறுபடி எழுதிவைத்தார். அவர் அப்படிச் செய்திராவிட்டால் கோயிஸின் வழி நமக்குத் தெரிந்திராது.

பண்டித நண்பர்களிலே பெரியவர் ஷாங்காய் ஊரைச் சேர்ந்த சூ குவாங்சீ. 1603-ல் ஞானஸ்நானம் பெற்றுச் சின்னப்பர் என்று பெயர் பூண்டவர். பிற்காலத்தில் ராச்சியத்தின் பெரிய மந்திரிகளில் ஒருவரானார். தினமும் மத்தியானத்துக்குமேல் ரிச்சி வீட்டுக்கு வருவார்; யூக்ளிதுவின் க்ஷேத்திர கணிதத்தை ரிச்சி வாயால் சொல்ல, சூ கையால் எழுதுவார். புள்ளி, கோடு, கோணம் என்பவற்றுக்கு அவர்கள் அன்று தேர்ந்த சொற்களையே சீனப் பள்ளிக்கூடங்களில் இன்றும் வழங்குகிறார்கள். 1607-ல் முதல் ஆறு பாகம் அச்சாயின. மீதியையும் முடித்துவிடத் துடித்தார் சூ. இவை பயன்படுகின்றனவா பார்ப்போம் என்று ரிச்சி நிறுத்தினார். அந்த வருஷமே தகப்பனார் இறந்து, சூ மூன்று வருஷத் துக்கம் காக்க ஊர் சென்றுவிட்டார். மீதிப் பாகங்கள் சீனத்தில் வர 1857 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

எல்லாருக்கும் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த மனிதர் என்று இதனால் யாரும் எண்ணவேண்டாம். லீ சிசாவ் நெடுநாள் நண்பர், வேதத்தை முற்றும் ஏற்றவர். ஆனால் வீட்டில் இரண்டாந்தாரம் இருந்ததால், வருஷக்கணக்காக அவருக்கு ஞானஸ்நானம் கிடைக்கவில்லை. 1610-ன் ஆரம்பத்தில் அவர் கடுநோயாய்ப் படுத்தபோது, ரிச்சியே பக்கத்திலிருந்து பணிவிடை செய்தார். அவள் விஷயத்தை ஒழுங்குபடுத்தியபின்பே லீ, லெயோன் என்னும் பெயருடன் கிறிஸ்தவரானார். மறுபுறம், புத்த மதத்தாரிடம் ரிச்சி காட்டிய கடுமை, கன்பூசிய பண்டிதரிடம் காட்டிய பொறுமைக்கு ஒத்ததாயில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. அவர்கள் நூல்களை அவர் அத்தனை ஆழமாய்ப் படிக்கவில்லை.

அந்த வருஷம் பரீக்ஷைக்காக ஆயிரக்கணக்கான பண்டிதர்கள் பீக்கிங்கில் கூடினார்கள். தபசுகாலம் வேறு. சாப்பாட்டு நடுவிலும் எழுந்து விருந்தாளிகளை வரவேற்றார். உடம்பு தாங்கவில்லை. மே மாதம் 3-ந் தேதி படுத்தவர், 11-ந் தேதி மாலை, ஐம்பத்தேழாம் வயதில் ஆண்டவரில் நித்திரையடைந்தார். பெட்டிக்கு ஏற்பாடு செய்தவர், சுவாமியாரின் பராமரிப்பால் பிழைத்த லெயோன் லீதான். அப்போது சீனா முழுவதும் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய 2,500 பேர். இருபத்தேழு வருஷ உழைப்புக்கு இது அற்பக் கணக்கு என்று அன்றைக்கே பேசியவர்கள் இருந்தார்கள்.

அவருக்குப்பின் எழுந்த வழக்கு நம்மவருக்கும் தொடர்புள்ளது. முன்னோரின் பெயர்ப்பலகைக்குச் சாம்பிராணி காட்டுவதும், கன்பூசியஸுக்கு வணக்கம் செய்வதும் குடும்ப, ராஜாங்க மரியாதையே, விக்கிரக ஆராதனை அல்ல என்று ரிச்சி நெடிது ஆராய்ந்து தீர்மானித்திருந்தார். 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவபோதக சுவாமியார் ராபர்ட் தெ நோபிலி, பூணூலும் குடுமியும் பற்றி எடுத்த நிலை இதற்குச் சகோதரம். நோபிலியின் வழக்கு 1623-ல் பாப்பரசர் 15-ம் கிரகோரியாரால் அவருக்குச் சாதகமாய் முடிந்தது. ரிச்சியின் வழக்கு நூறு வருஷம் இழுத்தது. பின்னால் வந்த தொமினிக்கு, பிரான்சிஸ்கு சபைக் குருக்களில் பலர், கிராமத்துச் சாதாரண ஜனங்கள் அந்தப் பலகைக்கு முன் செய்வதைக் கண்டு, இது ஆராதனையே என்றார்கள். அவர்கள் கண்டதும் பொய்யல்ல. பண்டிதர் வீட்டிலே ஒரு கருத்து, குடியானவன் வீட்டிலே வேறொரு கருத்து. 1704, 1715, 1742-ம் வருஷத் தீர்ப்புகளால் அந்தச் சடங்குகள் கிறிஸ்தவர்களுக்கு விலக்கப்பட்டன. கிறிஸ்தவ வேதத்துக்கு 1692-ல் சுதந்தரம் தந்திருந்த காங்ஸீ சக்கரவர்த்தி, கோபங்கொண்டு 1721-ல் அதைத் தடைசெய்தார். தகப்பனுக்கு மரியாதை செய்வதா, ஞானஸ்நானத்தைக் காப்பதா என்று எத்தனை வீடுகளில் கண்ணீர் சிந்தினார்களோ! 1939 டிசம்பர் 8-ந் தேதி, பாப்பரசர் 12-ம் பத்திநாதர் காலத்தில், அவை குடிமரியாதை என்று அனுமதிக்கப்பட்டன. 2022 டிசம்பர் 17-ந் தேதி பாப்பரசர் பிரான்சிஸ், ரிச்சி சுவாமியாரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார்.

சக்கரவர்த்தியின் ஆசனத்தை மட்டும் கண்டவருக்குச் சக்கரவர்த்தியே கல்லறைக்கு நிலம் கொடுத்தார். தலைநகரத்தில் வெளிநாட்டானுக்கு இப்படிக் கொடுப்பது அதற்குமுன் நடந்ததில்லை. மேற்கு வாசலுக்கு வெளியே அரசாங்கம் பறிமுதல் செய்திருந்த ஒரு கோயில் தோட்டம். 1611-ல், சகல அர்ச்சிஷ்டர் திருநாளன்று, அங்கே அடக்கம் நடந்தது. 1900-ல் பாக்ஸர் கலகக்காரர் அந்தக் கல்லறைகளை உடைத்து எலும்புகளைச் சிதறடித்தார்கள், மறுபடி கட்டப்பட்டது. 1966-ல் செங்காவலர் வந்தபோது கல்வெட்டை மண்ணில் புதைத்துவிட்டார்கள். புதைத்ததாலேயே அது உடையாமல் தப்பியது. 1979-ல் தோண்டியெடுத்துப் பழைய இடத்தில் நிறுத்தினார்கள். நகர அரசாங்கத்து உத்தியோகஸ்தர்களைப் பயிற்றும் கல்லூரியின் மதிலுக்குள், மரங்களின் நடுவே, ஒரு பக்கம் லத்தீனிலும் மறுபக்கம் சீனத்திலும் பெயர் வெட்டிய அந்தக் கல் நிற்கிறது.